அரிதாரம் கலைக்கவாவது விடுங்கப்பா!

1989-ல வடஆற்காடு மாவட்டம் ரெண்டாச்சு. 2019-ல வேலூர் மூணாச்சு. ஆனா சேத்துப்பட்டுலேர்ந்து குடியாத்தம் வரைக்கும் ஒண்ணு மட்டும் பிரியாம அப்படியே இருக்கு. தெருக்கூத்துல மங்களம் பாடி முடிக்கிறதுக்குள்ள செல்போனைத் தூக்கிக்கிட்டு வேஷம் கட்டுற கொட்டாய்க்குள்ள பூந்துடற கூட்டம்!

கூத்தாடியைப் பார்க்கணும், பேசணும், கையைப் புடிச்சு "நல்லா ஆடுனீங்கணா"ன்னு சொல்லணும். நல்ல ஆசைதான், யாரும் வேணாங்கல. ஆனா எந்த நேரத்துல? ராத்திரி பத்து மணிக்கு ஏறுன மனுசன் விடியக்காலம்தான் இறங்குறாரு. கிறுக்கி அடிச்சுச் சுழன்று ஆடும்போது கட்டை நகரக் கூடாதுன்னு கிரீடத்தையும் புஜக்கட்டையையும் மார்ப்பதக்கத்தையும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருப்பாங்க. கல்யாண முருங்கைக் கட்டை, லேசுதான். ஆனா லேசான கட்டைக்கும் கயிறு கயிறுதானே? நெத்தியிலயும் தோள்லயும் ராத்திரி பூரா அழுத்துனது இறங்குற வரைக்கும் தலை விண்ணு விண்ணுனு தெறிக்கும். அந்த நேரத்துல குறுக்க நின்னு "ணா, கிரீடத்தைக் கழட்டாதீங்க, ஒரு செல்ஃபி!" ஒருத்தன் எடுத்தா பின்னாடியே நாப்பது பேர்.

அதோட விட்டாலும் பரவால்ல. கழட்டி வெச்ச கிரீடத்தை எடுத்துத் தன் தலையில கவுத்துக்கிறானுங்க. அதுல இருக்கிற கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒவ்வொண்ணா கையால ஒட்டுனது. ஒரு துண்டு உதிர்ந்தா பெட்ரோமாக்ஸ் காலத்துலேர்ந்து இன்னைக்கு ஃபோகஸ் லைட்டு வரைக்கும் வெளிச்சத்துல ஓட்டை மாதிரி பல்லை இளிக்கும். அன்னைக்கு ராத்திரியே அடுத்த ஊர்ல கூத்து இருக்கும். ஒட்டுறது யாரு, உங்க மாமனா?

அப்புறம் மூஞ்சி. அரிதாரம் தண்ணியில போகாது. தேங்காயெண்ணெயை நல்லாத் தடவி, ஊற விட்டு, பழைய வேட்டித் துணியால வழிச்சு எடுத்து, மறுபடி எண்ணெய் போட்டு, அதுக்கப்புறம்தான் சோப்பு. வேர்வையோட காஞ்சு போச்சுன்னா அரிக்கும், தேய்ச்சு எடுக்கும்போது தோல் எரியும். நீங்க படம் புடிக்கிற ஒவ்வொரு நிமிசமும் அது காஞ்சுக்கிட்டே இருக்கு.

பாரத விழாவுல துரியோதனன் சாயுற படுகளத்தன்னைக்குப் பார்க்கணும் இந்தக் கூட்டம் அடிக்கிற கூத்தை. பதினெட்டாம் போர் ராத்திரி முழுக்க ஆடிட்டு, அதே வேஷத்தோட காலையில வெயில்ல பீமனும் துரியோதனனும் கதாயுதத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுறாங்க. சித்திரை, வைகாசியில நம்ம ஊரு வெயில் என்னன்னு சொல்லணுமா? தொடையில அடி விழுந்து, திரௌபதி கூந்தல் முடிஞ்சதும் ஊரே அந்தத் துரியோதனன் மேல பாயுது. படுத்துக் கெடக்கிறவருக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுக்க நாதியில்ல, பக்கத்துல படுத்துப் போஸ் குடுக்க மட்டும் ஆள் இருக்கு!

பெண் வேஷக்காரர்கிட்ட நடக்கிறதை எழுதவே கூசுது. சேலை கட்டியிருக்கிறது ஒரு ஆம்பளைன்னு தெரிஞ்சே இடுப்புல கை போடுறது, கன்னத்தைக் கிள்ளுறது, அதுக்கு ஒரு சிரிப்பு வேற. துகிலுரியிற கட்டத்துல கற்பூரம் காட்டிக் கும்புட்ட அதே கைடா அது! விளையாட்டுன்னு யாரும் சொல்லாதீங்க.

"வாத்தியாரே, ரீல்ஸுக்கு ஒரு விருத்தம் எடுத்து விடுங்க"ன்னு கேக்குறதும் சேர்ந்ததுதான். விடிய விடிய உச்சத்துல பாடுன தொண்டைக்கு வேண்டியது வெதுவெதுன்னு தண்ணியும் சும்மா இருக்கிறதும். ஐஸ்ல வெச்ச கலர் சோடாவை நீட்டாதீங்க.

பார்க்கணும்னா வழி இருக்கு. கட்டை இறங்கட்டும், எண்ணெய் போகட்டும், குளிச்சு வேட்டி மாத்திக்கட்டும். முக்கால் மணி, கூடப்போனா ஒரு மணி நேரம். டீ கையில வந்த பிறகு போய் உட்காருங்க. கர்ணமோட்சத்துல அந்தப் பாட்டு என்ன ராகம்னு கேளுங்க, கதை சொல்லிச் சிரிக்க வைக்கிற கட்டியக்காரன் நம்ம ஊர்க் கதையை எப்ப உள்ள சொருவுனாருன்னு கேளுங்க, மணிக்கணக்காப் பேசுவாங்க. குழல் மாதிரி ஊதுற முகவீணைக்காரரையும் மத்தளக்காரரையும் விட்டுடாதீங்க, அவங்களை எவனும் படமே எடுக்கிறதில்ல. வேஷத்தோடதான் படம் வேணும்னா, கூத்து ஆடும்போது தூரத்துலேர்ந்து எடுத்துக்கோங்க. முகம் எழுதிக்கிட்டு இருக்கும்போதும் போய் நிக்காதீங்க. கை ஆடுனா மையி கோணிக்கும், மொதல்லேர்ந்து எழுதணும்.

இதுல பாதிப் பழி விழாக்குழுவுக்கு. வெத்தல பாக்கோட அச்சாரம் குடுக்கும்போது மட்டும் இனிப்பாப் பேசுறது. கூத்து முடிஞ்சதும் மீதிப் பணத்தை வெச்சிருக்கிற ஆளைத் தேடணும், கொட்டாய்க்கு மறைப்பே கிடையாது, மூஞ்சி கழுவ ரோட்டோரப் பைப்பு. நாலு பக்கம் தட்டி, ரெண்டு டிரம் தண்ணி, வாசல்ல உள்ளூர் ஆள் ரெண்டு பேர், கையில பணம். வாணவேடிக்கைக்குக் கொட்டுறதுல மிச்சம் புடிச்சாலே ஆச்சு. இந்த வருசம் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவுக்கு நோட்டீஸ் அடிக்கிறவங்க, தலைவர் படத்தைக் கொஞ்சம் சின்னதாப் போட்டுட்டு, "வேஷம் கலைக்கும் வரை உள்ளே வரக் கூடாது"ன்னு கீழ ஒரு வரி சேருங்கய்யா.