'மறைக்க என்ன இருக்கிறது' என்று கேட்பவர்களுக்கு

சமூக ஊடகப் பாதுகாப்பு பற்றிப் பேச்செடுத்தாலே, "என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறவர்கள் நிறையப் பேர். இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது. நம் கணக்குக்குள் இருப்பது நம் சங்கதி மட்டும் இல்லை.

தேர்தல் பிரச்சார ஆலோசனை நிறுவனமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவின் விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஃபேஸ்புக்கில் ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலிக்கு அனுமதி கொடுத்தவர்கள் ஏறக்குறைய 3 லட்சம் பேர்தான். ஆனால் 8.7 கோடிப் பேர் வரையிலானவர்களின் தகவல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவுக்குப் போயிருக்கலாம் என்று 2018இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. மிச்சமுள்ள அத்தனை பேரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அனுமதி கொடுத்த ஒருவருக்கு நண்பராக இருந்தார்கள், அவ்வளவுதான்.

2021 ஏப்ரலில் 53.3 கோடி ஃபேஸ்புக் பயனர்களின் தொலைபேசி எண்களும் பிற விவரங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தன. கைப்பேசியில் உள்ள எண்களை ஏற்றி நண்பர்களைத் தேடும் வசதி இருக்கிறதே, அதன் வழியாகத்தான் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். ஒருவருடைய எண், பிறந்தநாள், உறவினர் பெயர், புகைப்படம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டால் அவரைப் போல நடிப்பது ரொம்பச் சுலபம். அதே படத்தை வைத்து ஒரு போலிக் கணக்கு, அப்புறம் அவருடைய நண்பர்களுக்கு "அவசரம், கொஞ்சம் பணம் அனுப்ப முடியுமா" என்று ஒரு செய்தி. ஏமாறுகிறவர்கள் முட்டாள்கள் இல்லை, நண்பருக்கு உதவ நினைத்தவர்கள். அவர்களைக் கேலி செய்து பதிவு போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வெட்கத்தில் அவர்கள் வெளியே சொல்லாமல் இருந்துவிட்டால், அதே ஆள் அடுத்தவரிடம் போவான்.

இப்படிச் செய்தி வந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணில் அந்த நண்பரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவையுங்கள். முடிந்தால் அந்தக் குறியீட்டை எஸ்எம்எஸ்ஸில் பெறுவதற்குப் பதிலாக, அதைத் தருவதற்கென்றே உள்ள செயலியைப் பயன்படுத்துங்கள். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் (இப்போது எக்ஸ்) அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஜாக் டோர்சியின் கைப்பேசி எண்ணையே கைப்பற்றி, எஸ்எம்எஸ் வழியாக அவர் கணக்கில் பதிவு போட்டார்கள். எல்லாவற்றையும் ஒரு தொலைபேசி எண்ணை நம்பி விடக் கூடாது.

ஆனால் முழுப் பாரத்தையும் பயனர் தலையில் சுமத்துவதை நான் ஏற்கவில்லை. பயனர்களின் தனியுரிமையைக் காக்கத் தவறியதற்காக 2019இல் ஃபேஸ்புக்குக்கு அமெரிக்கா விதித்த அபராதம் 500 கோடி டாலர். அபராதம் சரி, அது நடந்த பிறகு வருவது. தொடர்பு எண்களை ஏற்றுவது, இருப்பிடத்தைக் காட்டுவது இரண்டும் நாமாகத் திறக்கும் வரை மூடியே இருக்க வேண்டும். கணக்கு பறிபோனவர் புகார் கொடுத்தால் சில மணி நேரத்துக்குள் ஒரு மனிதர் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டமே வர வேண்டும். இன்று பெரும்பாலும் தானியங்கிப் படிவங்கள்தான் பதில் சொல்கின்றன. அந்த இடைவெளியில் திருடன் அவருடைய நண்பர்களுக்கு ஒவ்வொருவராகச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறான்.