அனுமதி கேட்காத விமானதளம்

துருக்கியின் டிசிஜி அனடோலு கப்பலை ட்ரோன்களுக்காகத் திட்டமிடவில்லை. ஸ்பெயினின் ஹுவான் கார்லோஸ் கப்பலின் வடிவமைப்பை வாங்கி, முன்முனை மேல்நோக்கி வளைந்த ஓடுதளத்தோடு இஸ்தான்புல்லில் கட்டினார்கள். அமெரிக்காவின் எஃப்-35பி போர் விமானங்களை அதில் நிறுத்துவதாக எண்ணம். இடையில் ரஷ்யாவிடமிருந்து எஸ்-400 வான் பாதுகாப்பு அமைப்பை வாங்கப்போய், 2019 ஜூலையில் அமெரிக்கா துருக்கியை எஃப்-35 திட்டத்திலிருந்தே வெளியேற்றிவிட்டது. கப்பல் இருக்கிறது, விமானம் இல்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிற கதையாக, துருக்கியின் பைக்கார் நிறுவனம் இறக்கை மடிக்கும் டிபி3 ட்ரோனைச் செய்து கொடுத்தது. (அதன் தொழில்நுட்பத் தலைவர் செல்சுக் பைரக்தார், அதிபர் எர்துவானின் மருமகன். அதுவும் ஒரு தனிக் கதை.) 2024 நவம்பரில் அந்த ட்ரோன் அனடோலுவிலிருந்து எழும்பி, அதிலேயே வந்து இறங்கியது. எழும்பும்போது உந்தித் தள்ள எந்தக் கருவியும் இல்லை, இறங்கும்போது இழுத்து நிறுத்தக் கம்பியும் இல்லை.

சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் இதை வைத்து "இனி பெரிய விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு வேலை இல்லை" என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. டிபி3 சுமக்கும் ஆயுத எடை 280 கிலோ. எஃப்-35பி 6 டன்னுக்கு மேல் சுமக்கும். மெதுவாகப் பறக்கிற, ரேடாருக்குத் தெரிகிற ட்ரோன் இது. இதன் மூத்த சகோதரனான டிபி2, உக்ரைன் போரின் தொடக்க மாதங்களில் பெரிதாகப் பேசப்பட்டது. கருங்கடலில் உள்ள பாம்புத் தீவை ஒட்டி ரஷ்ய ரோந்துப் படகுகளைக் கூட அடித்தது. ரஷ்யா தன் வான் பாதுகாப்பை ஒழுங்குபடுத்தியதும் அதன் வேகம் அடங்கிவிட்டது. ஆக, பலமான எதிரியிடம் இந்த வகை ஆயுதம் அதிகம் செல்லாது. வான் பாதுகாப்பு இல்லாத ஏழை நாடுகளிடம் நன்றாகவே செல்லும்.

என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

இதுவரை ஆயுத ட்ரோன்களுக்கு ஒரு கடிவாளம் இருந்தது. அவற்றுக்கு ஓடுதளம் வேண்டும். அது பெரும்பாலும் இன்னொரு நாட்டின் மண்ணில் இருக்கும். அந்த நாடு எப்போது வேண்டுமானாலும் "கிளம்பு" என்று சொல்லலாம். பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் உள்ள ஷம்சி விமானதளத்தை அமெரிக்கா பல ஆண்டுகள் ட்ரோன்களுக்குப் பயன்படுத்தியது. 2011 நவம்பரில் பாகிஸ்தானின் சலாலா எல்லைச் சாவடியில் நேட்டோ தாக்குதலில் 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்தார்கள். அடுத்த மாதமே அமெரிக்கா தளத்தைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டின் அகடேஸில் அமெரிக்கா 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய தளம் என்ன ஆனது? 2023-இல் ஆட்சிக் கவிழ்ப்பு, 2024 ஆகஸ்டில் அமெரிக்கர்கள் வெளியேற்றம். இந்த "கிளம்பு" நல்ல ஆட்சியாளரிடமிருந்துதான் வரும் என்றில்லை. நைஜரில் சொன்னது ராணுவ ஆட்சி. ஆனாலும் சொல்வதற்கு ஒருவர் இருந்தார்.

கப்பலுக்கு அந்தத் தொல்லை கிடையாது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு, அதாவது ஒரு நாட்டின் கடல் எல்லைக்கு, அப்பால் நின்றுகொண்டால் யாரிடமும் வாடகை ஒப்பந்தம் போட வேண்டாம், எந்த நாடாளுமன்றத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். வழக்கமான விமானந்தாங்கிக் கப்பலுக்கும் இந்த வசதி உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அது சில நாடுகளிடம் மட்டுமே இருந்தது, அதோடு அதில் பறப்பவர் ஒரு மனிதர்.

மனிதர் இருப்பதும் இல்லாததும் என்ன வித்தியாசம் செய்கிறது என்பதற்கு கடாஃபிக்கு எதிரான 2011 லிபியப் போரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்-15இ ஒன்று பெங்காசி அருகே விழுந்தது. குதித்து இறங்கிய இருவரில் ஒருவரை மீட்க, யுஎஸ்எஸ் கியர்சார்ஜ் கப்பலிலிருந்து ஆஸ்ப்ரே விமானங்கள், ஹாரியர் போர் விமானங்கள் எல்லாம் கிளம்பின. ஹாரியர்கள் குண்டும் போட்டன. உலகம் முழுக்கச் செய்தி. ஜூனில் அதே போரில், கப்பலிலிருந்து போன ஃபயர் ஸ்கவுட் என்ற ஆளில்லா ஹெலிகாப்டர் லிபிய மண்ணில் விழுந்தது. அது உளவு பார்க்கத்தான் போனது, ஆயுதம் இல்லை. யாரையும் மீட்கப் போக வேண்டியிருக்கவில்லை. அப்படி ஒன்று விழுந்தது இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

அதே மாதம் வாஷிங்டனில் இன்னொரு கூத்து நடந்தது. அமெரிக்கச் சட்டப்படி அதிபர் 60 நாளுக்கு மேல் சண்டை நடத்தக் காங்கிரஸின் ஒப்புதல் வேண்டும். லிபியாவில் நடப்பது அந்தச் சட்டம் சொல்லும் சண்டையே இல்லை என்று ஒபாமா அரசு வாதாடியது. சொன்ன காரணங்களில் முக்கியமானது: நம் தரைப்படை அங்கே இல்லை, நம் ஆட்களுக்குப் பெரிய ஆபத்தும் இல்லை. கீழே இருப்பவர்கள் மீது குண்டு விழுந்துகொண்டிருக்கிறது, மேலே இருப்பவருக்கு ஆபத்தில்லை, அதனால் சண்டையில்லை! எனக்கு இன்றுவரை அந்த வாதம் ஜீரணமாகவில்லை.

இப்போது அந்த வாதத்தையும் கப்பலையும் சேர்த்துப் பாருங்கள். துருக்கியோடு இது நிற்கவில்லை. ஈரான் ஒரு பழைய சரக்குக் கப்பலை மாற்றி, ட்ரோன்களுக்காக 180 மீட்டர் ஓடுதளம் அமைத்து, ஷஹீத் பாகேரி என்று பெயரிட்டு 2025 பிப்ரவரியில் புரட்சிகரக் காவல்படையிடம் கொடுத்தது. சீனா 2024 டிசம்பரில் ஷாங்காயில் நீரில் இறக்கிய சிச்சுவான், மின்காந்த விசையால் விமானத்தை, ட்ரோனையும்கூட, உந்திவிடும் பெரிய கப்பல். சரக்குக் கப்பலையே மாற்றிக்கொள்ளலாம் என்றால் இந்த வரிசை நீளத்தான் போகிறது.

"கப்பலையே ஏவுகணையால் அடித்துவிட்டால்?" என்பது நியாயமான கேள்வி. அடிக்கலாம், ஏவுகணை வைத்திருப்பவர்கள். நான் பேசுவது அது இல்லாதவர்களைப் பற்றி. "நம் கடற்படைக்கும் ட்ரோன் வேண்டாம் என்கிறாயா?" என்றும் கேட்பீர்கள். அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானதளத்திலிருந்து, குத்தகைக்கு எடுத்த சீகார்டியன் ட்ரோன்கள் 2020 முதல் பறந்து இந்தியப் பெருங்கடலைக் கண்காணித்து வருகின்றன. நம் மண்ணிலிருந்து கிளம்பி, பொதுக்கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் அந்த வேலையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

நான் கேட்பது சட்டத்தில் ஒரு திருத்தம். துருக்கி அரசியலமைப்பின் 92-ஆவது பிரிவுப்படி வெளிநாட்டுக்குப் படை அனுப்ப நாடாளுமன்ற அனுமதி வேண்டும். கப்பல் பொதுக்கடலில் நிற்க, ஆளில்லாத ஒன்று மட்டும் உள்ளே போய்க் குண்டு போட்டுத் திரும்பினால், அதையும் படை அனுப்பியதாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும். துருக்கியில் மட்டுமல்ல, இப்படிக் கப்பல் கட்டுகிற ஒவ்வொரு நாட்டிலும். கப்பல் கட்டி முடிப்பதற்கு முன்பே.