இரவுப்பணி

சேகர்: கடைக்காரர் என் தலையில் நோயாளி ஹாம்ஸ்டர் எலி ஒன்றைக் கட்டிவிட்டார், அக்கா. காலையிலிருந்து பத்து முறை தட்டி எழுப்பிவிட்டேன். ஒவ்வொரு முறையும் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் சுருண்டு படுத்துக்கொள்கிறது. ஆயுளைக் கூட்ட ஏதாவது டானிக் உண்டா?

விமலா: அதற்கு எந்த நோயும் இல்லை, தம்பி. இரவு முழுவதும் கூண்டுச் சக்கரத்தில் பல கிலோமீட்டர் ஓடிவிட்டுப் பகலில் உறங்குவதுதான் அதன் இயல்பு.

சேகர்: இரவில் நான் அலுவலகத்தில் இருப்பதால் அதைப் பார்த்ததில்லை.

விமலா: இரவுப்பணி முடிந்து பகலில் உறங்குபவர்தானே நீங்களும்? சென்ற வாரம் காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் அழைப்பு மணியை இரண்டாம் முறை அழுத்தியதற்குத் தெருவே கூடும்படி கத்தினீர்களே!

சேகர்: அது வேறு, அக்கா. நான் சம்பாதிக்கிறேன்.

விமலா: அதுவும்தான் கன்னப் பைகள் புடைக்கப் புடைக்கத் தீனியைச் சுமந்துபோய்ச் சேர்த்து வைக்கிறது. உங்களைப் போல் தவணையில் எதையும் வாங்குவதில்லை.

சேகர்: நேற்று ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன். அதனால்தான் இந்தச் சோர்வோ?

விமலா: தண்ணீரில் நனைத்தால் அதன் உடல் குளிர்ந்து நலம் கெட்டுவிடும். தூசியில்லாத மணலை ஒரு கிண்ணத்தில் வைத்தால் தானே புரண்டு சுத்தம் செய்துகொள்ளும்.

சேகர்: துணையில்லாமல் ஏங்குகிறதோ என்று இன்னொன்று வாங்க நினைத்திருக்கிறேன்.

விமலா: உங்களிடம் இருப்பது சிரிய வகை. வீடுகளில் வளரும் அந்த வகையில் பெரும்பாலானவை 1930இல் சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே பிடிபட்ட ஒரு தாயின் குட்டிகளின் வழிவந்தவை. ஒரே குடும்பத்தில் பிறந்திருந்தும், வளர்ந்தபின் இரண்டை ஒரே கூண்டில் விட்டால் கொலையில்தான் முடியும். பாகப்பிரிவினை வழக்கு நடத்தும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில், அதன் முதுகு வளையாமல் ஓடும் அளவுக்குப் பெரிய சக்கரமாக வாங்குங்கள்.

சேகர்: இவ்வளவும் செய்தால் எத்தனை ஆண்டுகள் வாழும்?

விமலா: இரண்டு, மிஞ்சினால் மூன்று.

சேகர்: அவ்வளவுதானா? அப்படியானால் மூன்று மணிக்கு மகள் பள்ளியிலிருந்து வந்ததும் ஒரே ஒரு முறை எழுப்பிக் காட்டிவிடுகிறேன்.

விமலா: தாராளமாக எழுப்புங்கள். நாளை நீங்கள் படுத்ததும் நான் வந்து உங்கள் அழைப்பு மணியை ஒரே ஒரு முறை அழுத்துகிறேன்.