ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

சிங்கப்பூரில், பொங்கோலில் புது வீடு. சாவி வாங்கி, தரை போட்டு, அலமாரி அடித்து, நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். உறவுக்காரர்கள் இருபது பேர் அடுப்பங்கரை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பால் பொங்கி வர வேண்டும், அதுதானே சாங்கியம். பொங்கி வந்தது. வந்த பால் இண்டக்ஷன் அடுப்பின் கண்ணாடிமேல் வழிந்து, பொத்தான்கள் இருக்கிற இடத்துக்கு ஓடியது. அவ்வளவுதான், கீங் கீங் கீங் என்று நாலு தடவை கத்திவிட்டு அடுப்பு தானாக அணைந்துவிட்டது. அத்தை ஒருத்தர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பரவாயில்லை.

அன்றைக்கு ஆரம்பித்த கோபம், ஏழு வாரம் ஆகியும் அடங்கவில்லை.

எங்கள் வீட்டில் சமையல் என் பொறுப்பு. மனைவிக்கு ஷிஃப்ட் வேலை, ஆகவே பதினாலு வருஷமாக நான்தான் கரண்டி பிடிக்கிறேன். ஆனால் அடுப்பை முடிவு செய்தவர்கள் மனைவியும் ரெனவேஷன்காரரும். "இப்ப எல்லாரும் இதுதான் போடுறாங்க பாஸ், ஒரு துணி வெச்சுத் துடைச்சா முடிஞ்சது" என்றார் அவர். அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு முட்டையாவது பொரித்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். மனைவி சொன்ன காரணத்தை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. மூன்று வயதுப் பிள்ளை ஓடுகிற வீடு, தீ வேண்டாம் என்றாள். சரி, நியாயம்தான். எரிவாயுக் குழாய் சுவர் வரைக்கும் வந்து, மூடி போட்டு, சும்மா நிற்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வெங்காயம் நறுக்குகிறேன்.

விற்கும்போது ஒரு பெருமை சொன்னார்கள். தனி ஒயரிங் இழுக்க வேண்டாம், சாதாரண 13 ஆம்பியர் பிளக்கே போதும் என்று. அதன் அர்த்தம் வீட்டுக்கு வந்து சமைக்கும்போதுதான் புரிந்தது. 230 வோல்ட்டை 13 ஆம்பியரால் பெருக்கினால் மூவாயிரம் வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு அடுப்பும் அதற்குள்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கம் உலை சீக்கிரம் கொதிக்கட்டும் என்று ஒன்பதில் வைத்தால், அந்தப் பக்கம் சாம்பார் என்னைக் கேட்காமலே நாலுக்கு இறங்கிப் படுத்துக்கொள்கிறது. மேல்வீட்டுக்காரன் குழாயைத் திறந்தால் கீழ்வீட்டில் சொட்டுச் சொட்டாக வருமே, அந்தக் கதை. இரண்டு அடுப்பு என்று காசு வாங்கிக்கொண்டு ஒன்றரை அடுப்பு கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் பாத்திரம். இந்த அடுப்பு தானாகச் சூடாவதில்லை. கண்ணாடிக்குக் கீழே ஒரு செப்புச் சுருள் இருக்கிறது, அதில் எழும் காந்தப்புலம்தான் பாத்திரத்தின் அடியைச் சூடாக்குகிறது. ஆகவே அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த மெர்லயன் காந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுப் பாத்திரம் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். அலுமினிய குக்கர், இல்லை. அம்மாவின் வெண்கல உருளி, இல்லை. மீன்குழம்பு வைக்கிற மண்சட்டியைக் கேட்கவே வேண்டாம். எவர்சில்வர் எல்லாம் ஒன்றுதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், அதிலும் சிலது ஒட்டுகிறது, சிலது வழுக்கி விழுகிறது. அந்த மெர்லயனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தேக்கா பக்கம் பாத்திரக் கடை கடையாக ஏறி இறங்கினேன். குழம்புச் சட்டிக்குக் கீழே காந்தம் வைத்துப் பார்க்கிற ஆளைக் கடைக்காரர் எப்படிப் பார்ப்பார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

தோசைக்கல் இரும்பு, ஆகவே பிழைத்தது என்று சந்தோஷப்பட்டேன். மடத்தனம். வருஷக்கணக்காகக் கேஸில் காய்ந்து அதன் அடி லேசாகப் புடைத்திருக்கிறது. கேஸ் அடுப்பில் அது ஒரு விஷயமே இல்லை. கண்ணாடிமேல் வைத்தால் மாவைத் தேய்க்கத் தேய்க்கக் கல் பம்பரம்போல் சுற்றுகிறது. ஒரு கையால் கைப்பிடியை அழுத்திக்கொண்டு மறு கையால் வட்டம் போடுகிறேன், கீறல் விழுந்துவிடுமோ என்ற பயம் வேறு. அப்படியும் தோசை வருகிறதா? சுருள் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குத்தான் சூடு. தோசையில் வளையல் மாதிரி ஒரு வட்டம் மட்டும் சிவக்கிறது, அதற்கு வெளியே வெள்ளையாக வெந்தும் வேகாமலும் நிற்கிறது. என் பிள்ளை அதற்கு டோனட் தோசை என்று பெயர் வைத்து விரும்பிச் சாப்பிடுகிறான். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

எல்லாவற்றையும்விட எரிச்சல் தருவது அந்த எண்கள்தான். ஒன்று முதல் ஒன்பது வரை. வத்தக்குழம்பை ஐந்தில் வைத்தால் தூங்குகிறது. ஆறில் வைத்தால் சுவரெல்லாம் தெறிக்கிறது. எனக்கு வேண்டியது ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது, அது இந்த அடுப்பில் கிடையாது. கேஸில் நான் ஒரு நாளும் எண் பார்த்ததில்லை. குனிந்து தீயைப் பார்ப்பேன், நீல நாக்கு எவ்வளவு உயரம் என்று கண்ணுக்குத் தெரியும், திருகைத் தலைமயிரளவு திருப்பினால் அதுவும் தலைமயிரளவு இறங்கும். இங்கே குனிந்து பார்த்தால் என் முகம்தான் கறுப்புக் கண்ணாடியில் தெரிகிறது. இரண்டில் வைத்தால் சிறு தீ என்று நினைக்காதீர்கள். கொஞ்ச நேரம் முழு வேகத்தில் கொதித்துவிட்டு, அப்புறம் செத்ததுபோல் கிடந்துவிட்டு, மறுபடியும் கொதிக்கிறது. ஜவ்வரிசிப் பாயசம் அடிப்பிடித்தது அப்படித்தான். நான் பக்கத்திலேயே நின்றேன், கிண்டிக்கொண்டும் இருந்தேன், அப்படியும் பிடித்தது.

தாளிப்பதைச் சொல்லாமல் விட முடியாது. தாளிக்கிற கரண்டியை வைத்தால் அடுப்புக்குத் தெரியவே இல்லை, அடி அவ்வளவு சின்னது, பாத்திரமே இல்லை என்று மின்னுகிறது. சரி என்று பெரிய வாணலியில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினால் அது பரவி ஓரத்துக்கு ஓடுகிறது. ஒரு பக்கமாகச் சாய்த்தால்தான் கடுகு எண்ணெயில் மூழ்கும். சாய்த்தால் கீங் கீங். கீழே வைத்தால் திடீரென்று சூடு ஏறிக் கடுகு வெடித்து முடிவதற்குள் உளுத்தம்பருப்பு கறுத்துப்போகிறது. பயந்து தூக்கினால் மறுபடியும் கீங் கீங். நடு ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறவளை நான் எழுப்பவில்லை, இந்த அடுப்பு எழுப்புகிறது. கழுவிய கையோடு அணைக்கப் போனால் ஈர விரலை அதற்கு அடையாளம் தெரியாது. சமைக்கிறவன் கை ஈரமாகத்தான் இருக்கும் என்று இதைச் செய்தவர்களுக்கு யாருமே சொல்லவில்லையா?

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனைவி படித்துவிட்டுச் சண்டைக்கு வருவாள். ஒரு லிட்டர் தண்ணீர் மூன்று நாலு நிமிஷத்தில் கொதிக்கிறது. அடுப்பங்கரையில் வியர்ப்பதில்லை, நம் ஊர் வெக்கைக்கு அது சின்ன விஷயமில்லை. பிள்ளை கிட்டே வந்தாலும் நெஞ்சு படபடப்பதில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் தண்ணீர் கொதிக்க வைத்துப் பிழைக்கிறவன் இல்லையே. அப்பளம் எதில் சுடுவது? கத்தரிக்காயை எதில் சுட்டுத் துவையல் அரைப்பது? வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்குக் கரித்துண்டை எதில் காட்டுவது?

கல்லாங் பக்கம் ஒரு காலத்தில் கேஸ் ஆலை இருந்தது. 1998இல் மூடுகிற வரைக்கும் நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஹொக்கியன் பேசுகிற சீனப் பெரியவர்கள் அந்த இடத்தை நெருப்பு நகரம் என்று சொல்வார்கள். அப்படி ஒரு பெயர் இருந்த ஊரில் இன்றைக்கு நான் அப்பளம் சுட, மேசைமேல் சூப் கொதிக்கவிட்டுச் சாப்பிடுகிற ஸ்டீம்போட்டுக்கு வைக்கிற குட்டி கேஸ் அடுப்பு ஒன்றை வாங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். மனைவி வேலைக்குப் போன பிறகு, பிள்ளை தூங்கிய பிறகு, ஜன்னலைத் திறந்துவைத்து நாலு அப்பளம். நாற்பத்திரண்டு வயதில் திருட்டு அப்பளம்.

அடுத்தது தை. வெண்கல உருளி ஆகாது என்று தெரிந்துவிட்டது, அதனால் காந்தம் ஒட்டுகிற ஒரு எவர்சில்வர் பானையை வாங்கி வைத்திருக்கிறேன். பால் பொங்கும்போது இந்தத் தடவையும் அடுப்பு அணையத்தான் போகிறது, மஞ்சள் குலையைக் கட்டிவிட்டு அதன் கீங் கீங்கைக் கேட்டுக்கொண்டு பொங்கலோ பொங்கல் சொல்ல வேண்டும். இதற்கு யாராவது வழி கண்டுபிடித்திருந்தால் சொல்லுங்கள், அடி தட்டையாக, கனமாக, சுற்றாமல் நிற்கிற தோசைக்கல் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள். துடைப்பது சுலபம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். ஏழு வாரமாகத் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.