டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த சுகப்பிரசவம்

நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு மகள் பிறந்தாள். பத்தொன்பது மணி நேர வலி. கடைசியில் தலையை உறிஞ்சிப் பிடித்து இழுக்கிற வாக்குவம் கருவி வைத்துத்தான் எடுத்தார்கள். ரத்தப்போக்கு நிற்காமல் இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். தையல் ஆறும்வரை மூன்று வாரம் ஒழுங்காக உட்கார முடியவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றே சொன்னார்கள்: "அப்பாடா, சுகப்பிரசவம்!"

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் பார்த்தால் 64. நிலைமை இப்படி இருக்க, வயிற்றில் கத்தி படாமல் பிள்ளை வந்தாலே ஊருக்குச் சுகம்தான்.

இப்போது இரண்டாவது. 34 வாரம் ஆகிறது. மூன்றாம் மாதமே "சிசேரியனே பண்ணிடுங்க மேடம்" என்று டாக்டரிடம் கேட்டுவிட்டேன். (முதல் பிரசவம் பார்த்த இடம் இல்லை, இது வேறு மருத்துவமனை.) அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

ரேஷன் கார்டோடு பீரோவில் கிடந்தது. நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் பிரித்துப் படிக்காத காகிதம். டாக்டர் படித்துவிட்டு விளக்கினார். குழந்தையின் முகம் என் முதுகுப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அவள் மேலே பார்த்தபடியே இறங்கியிருக்கிறாள். வலி முழுக்க முதுகில் இருந்ததும், அவ்வளவு நேரம் இழுத்ததும் அதனால்தான். அடுத்த குழந்தையும் அப்படியே வரும் என்று இல்லை. இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் முதலாவதைவிடச் சீக்கிரம் முடியும் என்றும் சொன்னார். 'இவளுக்கு இடுப்பெலும்பு சின்னது' என்று எங்கள் பெரியம்மா அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார். நானும் அதை நம்பிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அன்றுதான் இயற்கையாகவே முயற்சி செய்யலாம் என்று முடிவெடுத்தேன். சொன்னதும் ஆளாளுக்கு யோகா வகுப்பு, பேரீச்சம்பழம், குங்குமப்பூ என்று ஆரம்பித்தார்கள். சரி, மூச்சுப்பயிற்சி நானும் செய்கிறேன். ஆனால் என் பயம் வலியைப் பற்றியது இல்லை. போன தடவை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். ஒருவர் ஸ்டூலில் ஏறி நின்று வயிற்றை அமுக்கினார். இன்னொருவர் ஒரு வார்த்தை சொல்லாமல் கீழே வெட்டினார். "கத்தாதே, இதெல்லாம் முன்னாலயே தெரியாதா?" என்று ஒரு குரல். இன்றும் தூக்கத்தில் எனக்குக் கேட்பது அந்தக் குரல்தான்.

இதெல்லாம் பிரசவம் என்றால் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்திருந்தேன். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகளைப் படித்தபோது கோபம்தான் வந்தது. வயிற்றை அமுக்கக் கூடாது, எல்லோருக்கும் வழக்கமாக வெட்டித் தையல் போடக் கூடாது, விரும்பிய நிலையில் இருக்க விட வேண்டும், கூட ஒரு துணை வேண்டும். கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதற்காக மட்டும் அவசரப்படுத்த வேண்டாம் என்றும் இருக்கிறது.

எனக்கு என்னென்ன வேண்டும், வேண்டாம் என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனேன். டாக்டர் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டிரிப்ஸுக்காகக் கையில் முன்கூட்டியே ஊசி ஏற்றி வைக்க வேண்டாம் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டார். ஒரு முறை ரத்தப்போக்கு வந்தவருக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகமாம். அதனால் ஊசி தயாராக இருக்கும், ரத்தம் எடுத்து வைக்கப்படும், குழந்தை வெளியே வந்ததும் கர்ப்பப்பை சுருங்க மருந்து போடுவார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கினால் ஆபரேஷன். ஒத்துக்கொண்டேன்.

இயற்கை என்றால் வீட்டிலேயே பார்க்கலாமே என்று இன்பாக்ஸில் வருகிறவர்களுக்கு ஒன்று: 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்து ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனார். எனக்கு ஏற்றிய அந்த இரண்டு யூனிட் வீட்டில் எங்கிருந்து வந்திருக்கும்?

துணைக்கு அம்மா இல்லை. போன தடவை வெளியே உட்கார்ந்து அவர் அழுத அழுகை போதும். சித்தியிடம் கேட்டேன். மூன்று பெற்றவர், அதிகம் பேசாதவர்.

"நான் என்ன பண்ணணும்?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம் சித்தி. அவங்க என்ன பண்ணப்போறாங்கன்னு கேட்டு எனக்குச் சொல்லுங்க. வலியில எனக்குக் காதுல விழாது."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பிளாஸ்க்குல சுக்குக் காபி கொண்டு வந்தா உள்ள விடுவாங்களா?" என்றார். அரைப் பக்கத்தில் அது இல்லை. அடுத்த செக்கப்பில் கேட்க வேண்டும்.