பிளட்நேம் வாரிசுச் சொத்து அல்ல

பேட்டில்டெக் என்ற அறிவியல் புனைகதை விளையாட்டு உலகில், கிளான் எனப்படும் போர்க்குலங்களின் வீரர்களுக்கு 'கெரென்ஸ்கி', 'வார்ட்' போன்ற குடும்பப்பெயர்கள், அதாவது பிளட்நேம்கள், பிறந்ததுமே வந்துவிடும் என்று சொல்வது சரியல்ல. தாய்வழி மரபு தருவது போட்டியிடும் தகுதியை மட்டும்தான். கிளான்களை உருவாக்கிய நிக்கோலஸ் கெரென்ஸ்கியின் பக்கம் நின்று போரிட்ட 800 வீரர்களின் பெயர்கள் இவை. ஒரு பெயரை ஒரே சமயத்தில் அதிகபட்சம் 25 பேர்தான் வைத்திருக்க முடியும். ஒருவர் இறந்து இடம் காலியானால் வழக்கமாக 32 பேர் மோதுவார்கள். 31 பேர் முன்மொழியப்பட்டவர்கள். கடைசி இடத்துக்குத் தனியாக ஒரு கூட்டுச் சண்டையே நடக்கும். அப்புறம் ஒருவருக்கு ஒருவர், தொடர்ந்து ஐந்து வெற்றி. தோற்றவர் வெறும் முதற்பெயரோடுதான் இருக்க வேண்டும். பெயர் இல்லாமல் கிளான் கவுன்சிலில் இடமில்லை, கிளானின் தலைவரான கான் ஆகவும் முடியாது. இத்தனை ரத்தம் சிந்தி வெல்வதைப் பிறப்புரிமை என்று சொல்வது அந்த வீரர்களுக்குச் செய்யும் அநியாயம்.