முதல் வருடமே கலக்காத ரிசீவர் தேறமாட்டானா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணியான ஓஹியோ ஸ்டேட்டின் ரசிகர்களிடம் ஒரு பேச்சு சுற்றுகிறது: அங்கே பெரிய ரிசீவர் (எறிகிற பந்தைப் பிடித்து ஓடுபவர்) ஆனவர்கள் எல்லாரும் முதல் வருடமே வெளுத்து வாங்கியவர்களாம், அப்படி ஆடாத பையன் தேறமாட்டானாம். தவறு. 2024ல் ஜெரமையா ஸ்மித் வந்த வேகத்தில் 76 பந்து பிடித்து 1,315 யார்டு (பந்தைப் பிடித்து முன்னேறிய தூரம்) எடுத்ததைப் பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும், சரி, ஆனால் அவர் விதிவிலக்கு.

ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா 2020ல், முதல் வருடத்தில், எடுத்தது மொத்தமே 49 யார்டு. காரணம் திறமைக் குறைவு இல்லை. கிறிஸ் ஒலாவே, காரெட் வில்சன் என்ற மூத்த ரிசீவர்கள் முன்னால் நிற்கும்போது புதுப்பையனுக்கு எங்கிருந்து பந்து வரும்? அடுத்த வருடம் 1,606 யார்டு. அதில் யூட்டா அணிக்கு எதிரான ரோஸ் பவுல் (சீசன் முடிவில் நடக்கும் பெரிய ஆட்டம்) ஒன்றில் மட்டும் 15 பிடி, 347 யார்டு! ஒலாவே, வில்சன் இருவருமே அந்த ஆட்டத்தில் இறங்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

மார்வின் ஹாரிசன் ஜூனியரும் அப்படித்தான். 2021ல் மொத்தம் 11 பிடி, அந்த வருடத்து மூன்று டச் டவுனும் (எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் ஸ்கோர்) அதே ரோஸ் பவுலில் வந்தவை. அப்புறம் 2022ல் 1,263 யார்டு, 2023ல் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது.